எட்டு மணிக்கு மூடும் கேட்

பட்டு நூலுக்கு முறுக்கேற்றும் ஆலை ஒன்றில் டைம் கீப்பராகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. எழுபதுகளின் கடைசி. ஆரணியில் தறி போட்டிருந்தவர்களுக்கு நூல் போகும் ஆலைகளில் அதுவும் ஒன்று. கேட்டை ஒட்டி ஒரு சின்ன அறை, அதில் ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு உள்ளே நான், என் முன்னால் வருகைப் பதிவேடு. காலை எட்டு மணிக்குச் சங்கு ஊதும். வாட்ச்மேன் கேட்டை இழுத்து மூடுவார். அதற்குப் பிறகு எட்டேகால் வரை வருபவர்களைச் சின்னக் கதவு வழியாக உள்ளே விடுவோம். அவர்கள் பெயருக்கு எதிரே நான் சிவப்பு மையில் 'லேட்' என்று எழுதுவேன். மாதத்தில் மூன்று லேட் வரை பொறுப்பார்கள். நான்காவது தடவை ஆளைக் கேட்டிலேயே திருப்பி அனுப்ப வேண்டும். விதியைப் போட்டவர் முதலாளி. ஆளைத் திருப்பி அனுப்புவது என் வேலை.

அதை நான் ஒழுங்காகச் செய்தேன். எங்கள் வீடு ஆலையிலிருந்து இரண்டு தெரு தள்ளி. ஏழே முக்காலுக்குத் தலை பின்னி முடித்துக் கிளம்பினாலும் சங்குக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். சேர்ந்து இரண்டு வருடத்தில் ஒருநாள்கூட நேரம் தப்பியதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. நேரத்துக்கு வராதவர்கள் வீட்டில் தூங்கிவிட்டு வருகிறார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆலையில் பாதிப் பேர் உள்ளூர். மற்றவர்கள், முக்கியமாகப் பாபினில் நூல் சுற்றும் பகுதியில் இருந்த பெண்கள், களம்பூரிலிருந்தும் அதன் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்தார்கள். அவர்களுக்குக் காலையில் ஒரே ஒரு பஸ். அது போளூர்ப் பக்கமிருந்து வரவேண்டும். களம்பூர் ரயில் கேட்டை அது நெருங்கும் நேரமும் பாசஞ்சர் ரயில் வரும் நேரமும் ஒன்று. கேட் போட்டுவிட்டால் பஸ் அந்தப் பக்கமே நிற்கும். ஆரணிக்கு வந்து சேர எட்டேகால் ஆகிவிடும். முன்பு அதற்கு முந்தி இன்னொரு பஸ் இருந்தது. டீசல் தட்டுப்பாடு வந்ததும் அதை நிறுத்திவிட்டார்கள்.

ஆகவே அந்தப் பெண்கள் லாரியில் வந்தார்கள். களம்பூர் அரிசி மில்கள் ரயில் கேட்டுக்கு இந்தப் பக்கம் இருந்ததால், மூட்டை ஏற்றிய லாரிகள் தடையில்லாமல் கிளம்பும். கை காட்டினால் சில டிரைவர்கள் நிறுத்துவார்கள். மூட்டைகளுக்கு மேலே ஏறி உட்கார்ந்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் தெருவில் யாரோ பேசிக்கொண்டு போவதைக் கேட்பதுபோலத்தான் தெரியும்.

நூல் சுற்றும் பகுதியில் ஒரு அக்கா இருந்தாள். முப்பது வயதிருக்கும். அறுந்த இழையை முடிச்சுத் தெரியாமல் சேர்ப்பதில் அவளுக்கு இணை கிடையாது என்று மேஸ்திரியே சொல்வார். லாரியில் ஏற அவளுக்குப் பயம். பஸ்ஸுக்காகக் காத்திருந்து, அந்த மாதம் மூன்று தடவை லேட். மூன்றாவது நாள் ஜன்னல் வழியாக அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அக்கா, இது மூணாவது. இன்னொரு வாட்டி ஆச்சுன்னா உள்ள விட மாட்டாங்க. பார்த்து வாங்க."

"ரயில் கேட்டு போட்டுடறான் பாப்பா. நான் இன்னா பண்றது?"

"மத்தவங்கல்லாம் வரலியா?"

நான் கேட்டது அவ்வளவுதான். அவள் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் சங்கு ஊதியபோது நூல் சுற்றும் பகுதியில் ஒருவரும் வந்திருக்கவில்லை. எட்டு ஐந்துக்கு வாட்ச்மேன் ஜன்னலுக்கு ஓடி வந்தார். ஏரிக்கரை வளைவில் எதிரே மாட்டு வண்டி வந்திருக்கிறது. லாரி பிரேக் அடித்திருக்கிறது. மேல் வரிசை மூட்டைகள் சரிந்து, ஓரமாக உட்கார்ந்திருந்த ஒருத்தி கீழே விழுந்து, அவள் கால்மேல் மூட்டையும் விழுந்திருக்கிறது. யார் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்துவிட்டது.

மாலையில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இடது கால் தொடையிலிருந்து பாதம் வரை கட்டு. பக்கத்தில் அவள் வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய்விட்டார். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"இன்னிக்கு எனக்கு லேட்டா போட்ட, ஆப்சென்டா?" என்று கேட்டாள்.

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். ஆப்சென்ட் என்று எழுதியிருந்தேன். எழுதவில்லை என்று பொய் சொன்னேன்.

முதலாளி கெட்டவர் இல்லை. மறுநாள் மேஸ்திரியிடம் ஹார்லிக்ஸும் பழமும் கொடுத்தனுப்பினார். ஆனால் கேட் நேரத்தைப் பற்றிப் பேச்செடுத்தபோது, "ஏம்மா, கேட்டுக்கு வெளியில நடக்கறதுக்கெல்லாம் நான் எப்படிப் பொறுப்பாவேன்? யார் எதுல வராங்கன்னு நான் பார்க்க முடியுமா?" என்றார்.

அந்தக் கேள்வியை நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். யார் எதில் வருகிறார்கள் என்று ஆலையில் யாருக்கும் தெரியாது. கேட்டைத் தாண்டினால்தான் அவர்கள் எங்களுக்கு ஆட்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கோடு போட்டேன். ஊர், வீட்டை விட்டுக் கிளம்பும் நேரம், எதில் ஏறுகிறார்கள், எங்கே இறங்குகிறார்கள். சாப்பாட்டு வேளையில் ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தேன்.

எல்லோரும் பொய் சொன்னார்கள். களம்பூர்க்காரி ஒருத்தி, நடந்து வருகிறேன் என்றாள். ஆறு மைல். இன்னொருத்தி, ஆரணியில் சித்தி வீட்டில் தங்கியிருக்கிறேன் என்றாள். லாரி என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் நான் நோட்டைத் திறந்ததும் பெஞ்சில் இருந்தவர்கள் சாப்பாட்டுத் தூக்கை மூடிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். ஒருத்தி மட்டும் நின்றாள். கனத்த குரல்காரி. மெஷின் சத்தத்துக்கு மேல் அவள் பேச்சு கேட்கும். களம்பூர்ப் பெண்களுக்கு அவள்தான் முன்னால் நிற்பவள்.

"இன்னாத்துக்கும்மா இந்த நோட்டு? தூரத்து ஆளுங்கள நிறுத்திட்டு உள்ளூர்ல ஆள் எடுக்கப் போறாங்களா?"

"இல்லக்கா. சத்தியமா இல்ல."

"அவளக் கூப்ட்டு வச்சி நீ இன்னா சொன்னேன்னு எனக்குத் தெரியும். மொத நாள் சொன்ன, மறுநாள் அவ லாரில ஏறினா. இப்ப நோட்டு போட்டுகினு வந்து நிக்கற. உன்ன எப்படி நம்பறது?"

அவள் போன பிறகும் நான் அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

மறுநாள் விடியற்காலையில், களம்பூர்ப் பக்கம் போகும் முதல் பஸ்ஸில் ஏறினேன். வீட்டில் அம்மாவிடம் ஆபீஸ் வேலை என்றேன். ஆறரைக்கெல்லாம் ரயில் கேட்டுக்கு இந்தப் பக்கம் இருந்த நிறுத்தத்தில் போய் நின்றேன். பெண்கள் இரண்டு இரண்டு பேராக வந்து சேர்ந்தார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். கனத்த குரல்காரி வந்து என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள்.

ஏழு பத்து. ஏழு இருபது. ரயில் கேட் இறங்கியது. அந்தப் பக்கம் பஸ் வந்து நிற்பது மரங்களுக்கிடையில் தெரிந்தது. கூப்பிடு தூரம். டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கிப் பீடி பற்றவைத்தார். பாசஞ்சர் வரவில்லை. என் கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பெண்கள் மாறி மாறி வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எட்டு மணி என்பது எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஏழரைக்கு மில் பக்கமிருந்து ஒரு லாரி திரும்பியது.

"வரியா, இங்கியே நின்னுகினு எழுதறியா?" என்று கேட்டாள் கனத்த குரல்காரி.

சக்கரத்தில் கால் வைத்து, கயிற்றைப் பிடித்து, இரண்டு பேர் மேலே இழுக்க, ஒருத்தி கீழே தாங்க, எப்படியோ ஏறினேன். மூட்டைகளின் மேல் சாக்கு வழுக்கியது. பிடிக்க ஒரே ஒரு கயிறு. ஒரு கையால் அதைப் பிடித்து, இன்னொரு கையால் புடவையைப் பிடிக்க வேண்டியிருந்தது. கீழே சாலை ஓடுவதைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். புளியமரக் கிளைகள் தாழ்வாக வரும்போது முன்னால் இருப்பவள் "தல" என்பாள். எல்லோரும் குனிவோம். ஏரிக்கரை வளைவு வந்தது. லாரி சாய்ந்தது. எனக்குக் கீழே மூட்டை ஒரு விரற்கடை நகர்ந்ததை உணர்ந்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். என் இடுப்பைச் சுற்றி ஒரு கை இறுக்கிப் பிடித்தது. வளைவு தாண்டியும் அந்தக் கை எடுக்கப்படவில்லை. அது கனத்த குரல்காரியின் கை.

எட்டு மணி தாண்டி இரண்டு நிமிடத்துக்கு ஆலை முன்னால் இறங்கினோம். கேட் மூடியிருந்தது. உள்ளே, என் ஜன்னல் பக்கத்தில் முதலாளி நின்றிருந்தார். நான் லாரியிலிருந்து பின்பக்கமாகக் கால் தடவி இறங்குவதை அவர் முழுக்கப் பார்த்தார். புடவையெல்லாம் தவிடு. நான் என் அறைக்குப் போய், நாற்காலியில் உட்கார்ந்து, என் பெயருக்கு எதிரே லேட் என்று சிவப்பு மையில் எழுதினேன். பிறகு மற்றவர்களுக்கும் எழுதினேன்.

மறுநாள் பகல் முதலாளி கூப்பிட்டார். அவர் மேசைக்கு முன் நின்றுகொண்டிருந்தேன். உட்காரச் சொல்லவில்லை.

"யூனியன் ஆளுங்க யாராவது உங்கிட்ட பேசினாங்களா?"

"இல்லீங்க."

"அப்பறம் இன்னாத்துக்கு இந்த வேலை? குடும்பத்துப் பொண்ணு லாரி மேல ஏறி வரலாமா? உங்கப்பா வந்து என்னைக் கேட்டா நான் இன்னா சொல்றது?"

"அவங்களும் குடும்பத்துப் பொம்பளைங்கதாங்க" என்றேன். அதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துப் போகவில்லை. வாயில் வந்துவிட்டது. அவர் முகம் மாறியது. அவர் பேசுவதற்குள் நோட்டை மேசையில் வைத்துப் பிரித்தேன். காலண்டர் தாளின் பின்பக்கம் நான் வரைந்திருந்த சாலைப் படத்தையும் அதன் மேல் வைத்தேன்.

லாரியில் வந்த நாளின் மதியமே அவர்கள் எல்லோரும் தாங்களாக வந்து நோட்டில் சொல்லியிருந்தார்கள். களம்பூர் நிறுத்தத்தில் இருபத்தாறு பேர். அதற்கு இந்தப் பக்கம் சாலையோரத்தில் ஏறுகிறவர்கள் ஒன்பது பேர். மூன்று நான்கு மைலுக்குள் இருப்பவர்கள் பன்னிரண்டு பேர். இவர்களில் பலர் வீட்டில் சைக்கிள் இருக்கிறது, ஆலையில் வேலை செய்யும் வீட்டு ஆண்கள் அதை ஓட்டிவரலாம், ஆனால் ஆலையில் நிறுத்த இடமில்லை. வெளியே வேலியோரம் நிறுத்தினால் வெயிலில் டயர் வெடிக்கும், ஒன்றிரண்டு களவும் போயிருந்தன. முதலாளி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பஸ்ஸை முன்னாடி வரச் சொல்லேன்."

"கேட்டேங்க. டைமை மாத்தறது அவங்க கையில இல்லையாம். பர்மிட்ல எழுதியிருக்கிற டைம்தானாம். நம்ம டைமை நாம மாத்தலாங்க. எட்டரைக்கு வச்சா பஸ்ல வர எல்லாரும் வந்துடலாம்."

"ஒரு பஸ்ஸுக்காக பேக்டரி டைமை மாத்தறதா? சாயந்தரம் அரை மணி லேட்டா விட்டா இருட்டிடுச்சின்னு அழுவாங்க."

"சாயந்தரம் அதே டைம்தாங்க. மதியம் ஒரு மணி நேரம் விடறோம். அதை அரை மணி ஆக்கிக்கலாம்."

இதைச் சொன்னபோது நான் களம்பூர்ப் பெண்களை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் அவர் பதில் சொல்லவில்லை. மூன்றாம் நாள் எல்லோரையும் முற்றத்தில் கூட்டினார். ஒரு மாதம் பார்க்கப்போவதாகச் சொன்னார். எட்டரைக்குக் கேட் மூடும். எட்டரை என்றால் எட்டரைதான், சின்னக் கதவெல்லாம் கிடையாது. யாராவது லாரியில் வந்து இறங்குவதைப் பார்த்தால் அன்றே வேலை போய்விடும். பின்கட்டில் சைக்கிளுக்குக் கொட்டகை போடப்படும், வாட்ச்மேன் பார்த்துக்கொள்வார். ஒருநாள் நூல் சுற்றும் பகுதி எட்டரைக்கு ஓடவில்லையென்றாலும் பழையபடி எட்டு மணி. பிறகு என்னைப் பார்த்துத் திரும்பி, எல்லோர் முன்னாலும் சொன்னார். "இது இந்தப் பொண்ணு யோசனை. தப்பா போச்சின்னா இந்தப் பொண்ணு வேற எடம் பார்த்துக்கட்டும்."

கூட்டம் கலைந்ததும் உள்ளூர்ப் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். மதியம் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு வருகிறவர்கள் அவர்கள். அவர்களில் ஒருத்திக்கு ஐந்து மாதக் கைக்குழந்தை. மதியம் போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவாள்.

"அவுங்க லாரில வந்தா எம்புள்ள பால் ஏன் நிக்கணும்?" என்று கேட்டாள். "எங்களையும் அந்த நோட்டுல எழுதனியா?"

எழுதவில்லை. அவர்கள் பக்கத்தில் இருப்பவர்கள், நடந்து வருபவர்கள், அவர்களுக்குக் கஷ்டம் இல்லை என்று விட்டுவிட்டேன்.

அந்த மாதம் முழுக்க நான் தூங்கிய தூக்கம் தூக்கமில்லை. முதல் வாரம் பஸ் கண்டக்டர் மறுத்தார். "ஒரே ஸ்டாப்புல இருபத்தாறு லேடீஸ் ஏறினா வண்டி நின்னுகினே இருக்கும். எனக்குப் பேஜார்" என்றார். மறுநாள் விடியற்காலையில் மறுபடி போய், பாதிப் பேரை அடுத்த நிறுத்தம் வரை நடத்திக் கூட்டிவந்து, இரண்டு இடத்தில் ஏறும்படி செய்தேன். சில்லறையைச் சரியாக முன்கூட்டியே கையில் வைத்துக்கொண்டு ஏறச் சொன்னேன். மூன்றாம் நாளிலிருந்து அவர் முணுமுணுப்பு குறைந்தது. கொட்டகைக்குக் கீற்று வேய்ந்தார்கள். சைக்கிளில் வந்த ஆண்கள், போகிற வழியில் இருந்த ஒன்றிரண்டு பெண்களைப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவரத் தொடங்கினார்கள். முதலில் தங்கை, அண்ணன் மனைவி என்று சொந்தக்காரர்களை மட்டும். ஒவ்வொரு நாளும் எட்டேகாலிலிருந்து எட்டரை வரை என் கண் தெருமுனையிலேயே இருக்கும்.

மூன்றாவது வாரம் ஒருநாள் எட்டு இருபதுக்கும் பஸ் ஆட்கள் வரவில்லை. எட்டு இருபத்தைந்து. முதலாளி அன்று சீக்கிரம் வந்திருந்தார். கேட்டருகே வந்து, சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்துவிட்டு நின்றார். அப்போது ஒரு அரிசி லாரி வந்து நின்றது. மேலே ஆள் யாருமில்லை. டிரைவர் தலையை நீட்டினார்.

"பஸ்ஸு ஏரிக்கரையாண்ட டயர் வெடிச்சி நிக்குது. உங்க பொம்பளைங்கள ஏறச் சொன்னேன், ஒருத்தி கூட வரல. நடந்து வந்துகினு கீறாங்க."

லாரி போய்விட்டது. ஏரிக்கரை அங்கிருந்து இரண்டு மைல். சங்கு ஊதியது. வாட்ச்மேன் கேட்டில் கை வைத்தபடி முதலாளியைப் பார்த்தார்.

"மூடு" என்றார் முதலாளி.

"ஐயா, நடந்து வராங்க. கால் மணி நேரம்" என்றேன்.

"நான் முன்னாடியே சொன்னேன்ல. மூடுப்பா."

கேட் நகரத் தொடங்கியது. நான் என்ன நினைத்தேன் என்று இப்போது சொன்னால் அது பிறகு சேர்த்துக்கொண்டதாக இருக்கும். கால் நடந்தது. இடைவெளி வழியாக வெளியே போய் நின்றேன். வாட்ச்மேன் ஒரு கணம் தயங்கினார். பிறகு என் முதுகுக்குப் பின்னால் கேட் மூடியது, தாழ்ப்பாள் விழுந்தது.

வெளியே நிற்பது எப்படி என்று அன்றைக்குத் தெரிந்தது. எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. உள்ளே மெஷின்கள் ஓடும் சத்தம் கேட்டது, ஆனால் வழக்கத்தைவிட மெல்லியதாக. நூல் சுற்றும் பகுதி ஓடவில்லை. சுற்றிய பாபின் இல்லாமல் மற்ற மெஷின்கள் எவ்வளவு நேரம் ஓடும் என்று எனக்குத் தெரியும். முதலாளிக்கும் தெரியும். வீட்டில் அப்பாவிடம் என்ன சொல்வது, அடுத்து எங்கே வேலை கேட்பது என்று யோசித்தேன். எங்கேயும் யோசனை நிற்கவில்லை.

ஒன்பது மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தெருமுனையில் அவர்கள் தெரிந்தார்கள். ஓடியும் நடந்தும் வந்தார்கள். முகமெல்லாம் வேர்வை. கனத்த குரல்காரி செருப்பைக் கையில் பிடித்திருந்தாள். வார் அறுந்துவிட்டிருக்கிறது, வெறுங்காலில் வந்ததில் குதிகால் கிழிந்து ரத்தம் வந்திருந்தது. மூடிய கேட்டையும் வெளியே நின்ற என்னையும் பார்த்துவிட்டு அவள் நின்றாள். எல்லோரும் நின்றார்கள்.

"உன்னையும் தள்ளிட்டாங்களா?" என்று மூச்சு வாங்கக் கேட்டாள்.

நான் பதில் சொல்வதற்குள் சின்னக் கதவு திறந்தது. முதலாளி வெளியே வந்தார். அவர் அவளைத்தான் பார்த்துக் கேட்டார்.

"லாரி நின்னுதாமே. ஏறி வந்திருந்தா எட்டரைக்கு வந்திருக்கலாமே."

"நீங்கதானங்க ஏறக் கூடாதுன்னீங்க" என்றாள் அவள்.

அதில் எதிர்த்துப் பேசும் தொனியே இல்லை. இருந்திருந்தால் அவருக்குப் பதில் சொல்லச் சுலபமாக இருந்திருக்கும். அவர் அவள் காலைப் பார்த்தார். பிறகு எல்லோருடைய கால்களையும் பார்த்தார். கடிகாரத்தைப் பையில் போட்டுக்கொண்டார்.

"தொற" என்று வாட்ச்மேனிடம் சொன்னார்.

அவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். கடைசியாக நான் போனபோது அவர் என்னை நிறுத்தினார். "நீ வேலை நேரத்துல எத்தனை நிமிஷம் வெளிய இருந்த?"

"இருபது நிமிஷங்க."

"அதையும் எழுதிக்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். என்னை வேறு இடம் பார்க்கச் சொல்லவில்லை. அன்று சொல்வார், நாளை சொல்வார் என்று மாதக் கடைசி வரை காத்திருந்தேன். மாதம் முடிந்தது. பழைய நேரத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த பலகையில் எட்டு என்பதை அழித்து எட்டரை என்று பெயின்ட் அடிக்க ஒரு ஆள் வந்தபோதுதான் எனக்குச் சோறு இறங்கியது. பஸ் பழுதானால் நடந்து வருபவர்களுக்கு லேட் போட வேண்டாம் என்று மேஸ்திரி மூலம் சொல்லியனுப்பினார்.

கால் உடைந்த அக்கா திரும்ப வரவில்லை. எலும்பு கூடிவிட்டது, ஆனால் கோணலாகக் கூடியது. நாள் முழுக்க நிற்க முடியாது. நேரம் மாறிய செய்தியை நான் அவள் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தி, "நல்லது பாப்பா" என்றாள். பிறகு புடைக்கத் தொடங்கிவிட்டாள். அவள் வீட்டுக்காரர் அன்றும் வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு மூன்று நான்கு முறை போனேன். ஒருமுறையும் அவள் என்னை வராதே என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

கைக்குழந்தைக்காரி பதினைந்து நாள் மதியம் வீட்டுக்கு ஓடிப்போய், அரை மணிக்குள் திரும்பி வந்து பார்த்தாள். முடியவில்லை. ஒருநாள் வந்து கணக்கு முடிக்கச் சொன்னாள். அவளிடம் பேசினேன், மேஸ்திரியிடம் பேசினேன், கடைசியில் முதலாளியிடமே போய் நின்றேன். "நீ ஒன்னை இழுத்தா இன்னொன்னு அவுந்துகினு வருது பாரு" என்றார் அவர். ஆனாலும் யோசித்தார். கைக்குழந்தை உள்ளவர்கள் பதினோரு மணிக்கு இருபது நிமிடம் போய்வரலாம் என்று ஏற்பாடு செய்ய இன்னும் ஒரு மாதம் ஆயிற்று. அதற்குள் அவள் தன் தெருவிலேயே ஒரு வீட்டில் தறிக்கு ஊடை நூல் சுற்றப் போய்விட்டாள். இந்தச் செய்தியைச் சொல்ல அங்கே போனேன். குழந்தை பக்கத்தில் சேலையில் கட்டிய ஏணையில் தூங்கிக்கொண்டிருந்தது.

"இப்ப சொல்லி இன்னா பண்றது" என்றாள். ராட்டையை நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு அவளே, "நின்னுகினே கீறியே, ஒக்காரு" என்று பலகையைக் காலால் என் பக்கம் தள்ளினாள்.

உட்கார்ந்தேன். நோட்டைக் கொண்டுபோயிருந்தேன். உள்ளூர்ப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் மதியம் வீட்டில் என்ன வேலை, எவ்வளவு தூரம், எத்தனை பிள்ளை என்று அவளிடமே கேட்டு எழுதத் தொடங்கினேன். ஒவ்வொரு வீடாகச் சொல்லிக்கொண்டே போனாள். இரண்டு பக்கம் நிறைந்தது.